கொப்பன்கேகன் நகரில் இரண்டு நாள்

ஆசிரியர் இருவர் ஓரிடத்திற் கூடினால் அவர்களுடைய பேச்சு விடைத்தாளில் தொடங்கி விடைத்தாளிலேயே முடியும் என்று என் இல்லாள் அடிக்கடி கூறுவாள். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. எங்கள் கல்லூரியின் ஆசிரியர் அறையில் என் மேசைக்கு எதிர்மேசையில் இருப்பவர் பௌதிகம் கற்பிக்கும் நண்பர். பதினெட்டு ஆண்டுகளாக ஒரே அறையில் இருந்து, ஒரே கேத்திலிற் கொதித்த நீரில் தேநீர் அருந்தி வந்திருக்கிறோம். அவர் எத்தனை கரண்டி சீனி போடுவார் என்பதும், எந்த வகுப்பு மாணவர்மீது அவருக்குக் கோபம் என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் அவரைப்பற்றி நான் அறிந்தது எவ்வளவு சொற்பம் என்பதை ஏறக்குறைய 8,000 கிலோமீற்றருக்கு அப்பால், சிறுவர் விளையாடும் ஒரு பூங்காவிலேதான் உணர்ந்தேன்.

2024 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஆசிரியர்க்கென நடைபெற்ற குறுகிய பயிற்சி வகுப்பொன்றின் பொருட்டு நாங்கள் இருவரும் டென்மார்க் தேசத்தின் தலைநகராகிய கொப்பன்கேகனுக்குச் செல்ல நேர்ந்தது. நான் வரலாறு கற்பிப்பவன். அவரோ கண்ணாற் கண்டதையும் அளந்து பார்த்த பின்னரே நம்புபவர். வயது ஐம்பத்தாறு, மெலிந்த தேகம், கையில் எந்நேரமும் ஒரு குடை, சட்டைப் பையில் அளவுகோல்.

வகுப்பு ஐந்து நாளில் முடிந்தது. விமானம் புறப்பட இன்னும் இரண்டு நாள் இருந்தது. நல்லூரிலே கந்தப்பெருமானுக்கு மகோற்சவம் நடந்துகொண்டிருந்த காலம் அது. “திருவிழாவையும் விட்டுட்டு வந்து இஞ்சை அறைக்குள்ளை முடங்கிக் கிடக்கிறதே, மாஸ்ரர்?” என்று கேட்டேன். நண்பர் சிறிது யோசித்தார். “செலவு கூடாமல் பாக்கிறதெண்டால் வாறன்” என்றார்.

முதல் நாட் காலையில் நாங்கள் கற்ற முதற் பாடம் வீதியிலே நிற்கும் முறை. கொப்பன்கேகனில் நடைபாதைக்கும் மோட்டார் வண்டிகள் செல்லும் பாதைக்கும் இடையே சைக்கிளுக்கெனத் தனிப்பாதை உண்டு. நடைபாதை என்று எண்ணி நாங்கள் அதில் நின்று தேசப்படத்தை விரித்தோம். மறுகணமே கோயில் மணிகள் ஒருங்கே ஒலித்தாற்போல் பின்புறம் மணியோசை எழுந்தது. கழுத்துப்பட்டி அணிந்த உத்தியோகத்தர்கள், முன்புறப் பெட்டியிற் குழந்தைகளை இருத்திய தாய்மார், நரைத்த தலைப் பாட்டிமார் யாவரும் சைக்கிளில் வரிசையாக வந்துகொண்டிருந்தனர். நண்பர் குடையும் தாமுமாக ஒரே பாய்ச்சலில் கரையேறினார். யாழ்ப்பாணத்தவரை சைக்கிளுக்குப் பயப்படச் செய்த நகரம் உலகில் இது ஒன்றாகவே இருக்கவேண்டும்!

அங்கிருந்து வட்டக் கோபுரத்துக்குச் சென்றோம். டென்மார்க்கின் நான்காம் கிறிஸ்தியன் மன்னன் கட்டுவித்து, 1642 ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற கோபுரம் இது. உயரம் ஏறக்குறைய 35 மீற்றர். மேலே ஏறுதற்குப் பெரும்பாலும் படிகள் இல்லை. சங்கின் உட்புறம்போற் சுழன்று ஏறும் அகன்ற சரிவுப்பாதையே உண்டு. அதன் நீளம் 209 மீற்றர். மேலே வானாராய்ச்சி நிலையமும், இடையிலே பல்கலைக்கழக நூலகமும் இருந்தமையால், பாரமான கருவிகளையும் நூல்களையும் ஏற்றியிறக்க இச்சரிவு உதவிற்று. 1716 ஆம் ஆண்டில் ருஷிய மன்னன் மகா பீற்றர் குதிரைமீது இருந்தவாறே இக்கோபுரத்தின் உச்சிக்கு ஏறினான் என்று நான் கூறினேன். “சாய்தளத்தின்ரை பயன் அதுதான், குதிரைக்கும் பௌதிகம் தெரிஞ்சிருக்கு. எங்கடை பதினோராம் வகுப்புக்குத்தான் தெரியேல்லை” என்றார் நண்பர்.

உச்சியில் நின்றபோது செங்கூரைகளும் தேவாலயக் கூர்களும் கடலும் தெரிந்தன. வியாழனின் சந்திரனொன்று மறையும் நேரங்களைக் கணித்து, ஒளி செல்வதற்கும் காலம் பிடிக்கும் என்பதை 1676 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் எடுத்துக்காட்டியவர் றோமர் என்னும் டேனிய அறிஞர். தாயகம் திரும்பிய பின் அவர் இக்கோபுரத்திலேயே வானத்தை ஆராய்ந்தார். இதைக் கேட்டதும் நண்பர் தரையைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கோயிலில் அப்படிச் செய்து நான் பார்த்திருக்கிறேன், வேறெங்கும் பார்த்ததில்லை.

அவருடைய யாத்திரையின் மூலஸ்தானம் வேறோரிடத்தில் இருந்தது. நகரின் பழைய அகழியும் அரணும் இருந்த நிலத்தில் எர்ஸ்ரெட் பூங்கா அமைந்துள்ளது. மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புகின்றது என்பதை 1820 ஆம் ஆண்டில் இந்நகரிற் கண்டறிந்தவர் எர்ஸ்ரெட். அவருடைய சிலையின் முன் சென்றதும் நண்பர் சட்டைப் பையிலிருந்து சிறிய திசைகாட்டி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். ஊசி ஆடி ஆடி வடக்கே நின்றது. ஊரிலிருந்து இதற்கென்றே கொண்டுவந்தாராம்!

“சிரியாதையுங்கோ, மாஸ்ரர்” என்றார் அவர். “இந்த மனிசன் இல்லாட்டி டைனமோ இல்லை. தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு ஊரிலை கரண்ட் இல்லாத காலத்திலை, சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைச் சுத்தித்தானே வானொலி கேட்டனாங்கள்? நான் சுத்த, அம்மா பக்கத்திலை இருந்து செய்தி கேப்பா.”

நானும் சிறுவனாக அவ்வாறு சுற்றியவனே. அந்தப் பெடலுக்கும் இந்தச் சிலைக்கும் உள்ள உறவை எண்ணிப் பார்த்ததில்லை. இருவரும் சற்றுநேரம் மௌனமாக நின்றோம்.

பிற்பகலில் துறைமுகத்தை நோக்கி நடந்தோம். வழியிலே, நான்காம் கிறிஸ்தியன் கட்டுவித்த பழைய வர்த்தக மாளிகை எரிந்து சாரங்களுக்குள் நின்றது. நான்கு பறவைநாகங்களின் வால்கள் முறுக்கி ஒன்றானாற் போன்ற அதன் கூர்முடி, 2024 ஏப்பிரில் 16 ஆம் தேதி தீயில் முறிந்து வீழ்ந்தது. அன்று வீதியிற் சென்றோரும் உள்ளே ஓடிப் பழைய ஓவியங்களைத் தூக்கி வந்து காப்பாற்றினார்கள். எரிந்த கட்டடத்தைக் கண்டால் யாழ்ப்பாணத்தவன் மனம் எங்கே செல்லும் என்று சொல்லவேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டில் எங்கள் நூலகம் எரிந்தபோது காப்பாற்றுவதற்கு அவகாசம் இருக்கவில்லை.

இம்மன்னனுடைய பெயர் எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1618 ஆம் ஆண்டில் இவன் அனுப்பிய கப்பல்கள் 1620 இல் முதலில் இலங்கையின் கீழ்க்கரையை அடைந்தன. கண்டி மன்னனோடு எண்ணிய உடன்படிக்கை கைகூடவில்லை. ஆகவே தளபதி ஓவே கெட்டே சோழமண்டலக் கரைக்குச் சென்று, தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்பட்டுத் தரங்கம்பாடியைப் பெற்றான். அங்கே கடலோரம் எழுந்த டேனிசுக் கோட்டை இன்றும் நிற்கின்றது. அப்பட்டினத்துக்கு 1706 இல் வந்த சீகன்பால்கு தமிழ் அச்செழுத்துக்கொண்டு நூல் அச்சிட்டதைத் தமிழ் மாணாக்கர் அறிவர். 1845 ஆம் ஆண்டில் டேனியர் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். இவற்றையெல்லாம், பல நிற வீடுகளும் பழைய பாய்க்கப்பல்களும் நிறைந்த நீகவுன் துறையின் ஓரத்தில் அமர்ந்து நான் விரித்துரைத்தேன். கதாசிரியர் அன்டர்சன் பல ஆண்டுகள் வாழ்ந்த வீடுகளும் அத்துறையிலேயே உள்ளன. நண்பர் கேட்டுக்கொண்டிருந்தார்; ஆனால் அவருடைய மனம் அங்கில்லை.

“மாஸ்ரர், நாளைக்கு ஒராளைச் சந்திக்கவேணும்” என்றார் திடீரென்று. “ஆர்?” என்றேன். “அண்ணை” என்றார்.

பதினெட்டு ஆண்டுப் பழக்கத்தில் அவருக்கு ஒரு தமையன் உண்டென்பதை நான் கேள்விப்பட்டதே இல்லை. அன்றிரவு அறையிலே அவர் துண்டுதுண்டாகச் சொன்ன செய்தி இது. தமையன் 1985 ஆம் ஆண்டில் அகதியாக இந்நாட்டுக்கு வந்தவர். மணமாகி ஓராண்டும் நிறையாத மனைவியை ஊரிற் பெற்றோருடன் விட்டு வந்தார். ‘இதோ அழைக்கிறேன், இதோ அழைக்கிறேன்’ என்று கடிதங்கள் வந்தன, அழைப்பு வரவில்லை. 1987, 1988 ஆம் ஆண்டுகளில் யுத்தத்தின் நடுவே அண்ணி அவர்களுடன் பதுங்குகுழியில் இருந்தார். அவர் அங்கே வேறு குடும்பம் வைத்துவிட்டார் என்று ஊர் பேசிற்று. 1988 ஆனி மாதத்தில் தந்தையார் இறந்தார். மூத்த மகன் வரவில்லை. இருபது வயது நிரம்பிய இளையவரே கொள்ளி வைத்தார். 1990 தொடக்கத்தில் அண்ணி புறப்பட்டுப் போனார். ஆயினும் தம்பியின் மனம் ஆறவில்லை. 2003 ஆம் ஆண்டில் யுத்தநிறுத்த காலத்தில் தமையன் ஊருக்கு வந்தபோது, இவர் விடைத்தாள் திருத்தும் கடமையைக் காரணம் காட்டிக் கொழும்பிலேயே தங்கிவிட்டாராம்.

“இப்ப ஏன் போறியள்?” என்று கேட்டேன்.

“அண்ணி ரெலிபோன் எடுத்தவ. ‘தம்பி, இவ்வளவு தூரம் வந்திட்டு அண்ணையைப் பாக்காமல் போவியளோ? நான் வரேல்லை, நீங்கள் ரெண்டுபேரும் கதையுங்கோ’ எண்டா. அவ பங்கருக்குள்ளை எனக்குச் சோறு தீத்தினவ. மறுக்கேலாது.” சற்று நிறுத்தி, “ஆனால் அண்ணை சந்திக்கச் சொன்ன இடத்தைப் பாருங்கோ! ரிவோலி வாசலாம். சின்னப்பிள்ளையள் விளையாடுற இடம்!” என்று சலித்துக்கொண்டார்.

ரிவோலிப் பூங்கா நகரின் நடுவே, தலைமை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கின்றது. உலகின் மிகப் பழைய கேளிக்கைப் பூங்காக்களுள் ஒன்று. இதனினும் பழையது இந்நகருக்கு வடக்கே காட்டினுள் இருக்கும் பாக்கன். ரிவோலி திறக்கப்பட்ட நாள் 1843 ஆகஸ்ட் 15. நிறுவியவர் கார்ஸ்டென்சன் என்பவர். மக்கள் களித்திருக்கும்போது அரசியலை எண்ணமாட்டார்கள் என்று சொல்லியே எட்டாம் கிறிஸ்தியன் மன்னனிடம் அநுமதி பெற்றார் எனக் கூறுவர். நகரின் மதிலுக்கு வெளியேயிருந்த அரண் நிலத்தை அவர் பெற்றார். அந்நாளைய அகழியின் ஒரு துண்டே இன்று பூங்காவின் நடுவே ஏரியாகக் கிடக்கின்றது. அவ்வாண்டிலே தரங்கம்பாடியிலும் அதே மன்னனுடைய கொடிதான் பறந்துகொண்டிருந்தது. 1951 ஆம் ஆண்டில் இப்பூங்காவைச் சுற்றிப் பார்த்துச் சென்ற வால்ட் டிஸ்னி, 1955 இல் அமெரிக்காவிலே தமது பூங்காவைத் திறந்தார்.

மறுநாட் பிற்பகல் வாசலிலே நண்பரைப் போலவே மெலிந்த, தலை முற்றிலும் நரைத்த ஒருவர் நின்றிருந்தார். கையில் ஒரு குடை. யூற்லாந்திலுள்ள ஹேர்னிங் நகரிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ரயிலில் வந்திருக்கிறார். சகோதரர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றனர். கட்டிக்கொள்ளவில்லை; கண்ணீர் விடவுமில்லை. “சாப்பிட்டியோ?” என்றார் மூத்தவர். “ஓம்” என்றார் இளையவர். “ரிக்கற் நான் எடுத்திட்டன்” என்று மூன்று சீட்டுக்களைக் காட்டினார் அவர்.

உள்ளே சென்றோம். பூம்பாத்திகளும் மரநிழலும் வாத்தியக் கோஷ்டியுமாக அது பூங்காவோ திருவிழாவோ என்று மயங்கும்படி இருந்தது. செஞ்சட்டை அணிந்த சிறுவர் படையொன்று பறை முழக்கிக்கொண்டு அணிவகுத்து வந்தது. 1844 முதல் இருந்துவரும் சிறுவர் காவற்படை அது. ஒருபுறம் 1943 இல் அமைத்த இராட்டினம் பலூன் போன்ற கூடைகளைச் சுமந்து மெல்லச் சுழன்றது. வேறொருபுறம் 80 மீற்றர் உயரக் கம்பத்தைச் சுற்றிச் சங்கிலி ஊஞ்சல்கள் பறந்தன. அது 2006 இல் வந்தது. நண்பர் நிமிர்ந்து பார்த்து, சங்கிலிகள் சாய்ந்திருக்கும் கோணத்தைக் கையால் அளந்து, மையநாட்ட விசையைப் பற்றி எனக்கு விளக்கத் தொடங்கினார். தமையனுடன் பேசாமல் இருப்பதற்கு அது நல்ல வழியாயிற்று.

மூத்தவர் எங்களை நேரே பழைய மலை ரயிலிடம் அழைத்துச் சென்றார். மரச்சட்டங்களால் 1914 ஆம் ஆண்டில் கட்டிய ஏற்ற இறக்கப் பாதை அது. நீளம் 720 மீற்றர். இக்காலத்து வண்டிகளைப்போல இயந்திரமே யாவும் செய்வதில்லை. ஒவ்வொரு வண்டித் தொடரிலும் ஒரு மனிதர் அமர்ந்து, எங்கே விடவேண்டும், எங்கே பிடிக்கவேண்டும் என்று பார்த்துக் கைத்தடியால் பிரேக் போடுகிறார்.

“ஏறுவமே?” என்றார் மூத்தவர்.

“இதிலையோ? உங்களுக்கு அறுபத்தாறு வயசு, அண்ணை!” என்றார் நண்பர். வாசலில் ‘ஓம்’ என்றதன் பின் அவர் தமையனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

முன்னிருக்கையில் சகோதரர் இருவரும், பின்னிருக்கையில் நானும் அமர்ந்தோம். குடைகளிரண்டும் என் மடியில். வண்டி கடகடவென்று மேலேறிற்று. “இப்ப அழுத்த சக்தி கூடுது” என்று நண்பர் நடுங்கும் குரலிற் சொல்வது கேட்டது. உச்சியில் ஒருகணம் நகரம் முழுவதும் தெரிந்தது. “இனி அது இயக்க...” என்று தொடங்கிய பாடம் முடியவில்லை. வண்டி வீழ்ந்தது. வயிறு தொண்டைக்கு ஏறிற்று. இருண்ட குகையினுள் நுழைந்தோம். அவ்விருட்டிலே, பதினோராம் வகுப்பை ஒரே பார்வையில் அடக்கும் பௌதிக ஆசிரியர், “அண்ணை! அண்ணை! பிடியுங்கோ!” என்று அலறியதை என் இரு காதாலும் கேட்டேன். மீண்டும் வெளிச்சம் வந்தபோது தமையனின் கை தம்பியின் தோளைச் சுற்றி இறுகியிருந்தது. இருவரும் சிரித்துக்கொண்டிருந்தனர். நானும் சிரித்தேன், அலறினேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இறங்கிய பின் ஏரிக்கரையில் ஒரு வாங்கில் அமர்ந்தோம். உருளைக்கிழங்கு பரப்பிய கறுப்பு ரொட்டியும் கோப்பியும் வாங்கி வந்தேன். அப்பொழுதுதான் மூத்தவர் சொல்லத் தொடங்கினார்.

“அப்பா செத்த தந்தி கொழும்பிலையிருந்து வந்தபோது நான் இஞ்சை, கொப்பன்கேகனிலைதான் நிண்டனான். உன்ரை அண்ணியின்ரை அலுவலாய் ஓர் அலுவலகத்துக்கு வந்தனான். ‘கோப்பு பார்வையில் இருக்கு’ எண்டு அதே பதில். ரயிலுக்கு நேரமிருந்தது. இந்த வேலிக்கு வெளியிலை நிண்டன். உள்ளுக்கை இந்த ரயிலிலை சனம் கத்திச் சிரிக்கிற சத்தம். உள்ளுக்கை வரக் காசில்லை. ஊருக்கு வர வழியுமில்லை. அகதிக்குத் தந்த பயணப் பத்திரத்திலை எல்லா நாட்டுக்கும் போகலாம், எங்கடை நாட்டுக்கு மட்டும் போகேலாது. அந்தச் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வேலியைப் பிடிச்சு அழுதன். அதுக்குப் பிறகு இத்தனை வருசமும் இந்த வாசலை மிதிக்கேல்லை. பேரப்பிள்ளையள் கேட்டும் கூட்டிவரேல்லை. ஆரோடை வாறதெண்டு எனக்குள்ளை ஒரு நினைப்பு இருந்தது.”

நண்பர் கோப்பிக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். “கோப்பு ஏன் அவ்வளவு காலம் கிடந்தது?” என்று மெல்லக் கேட்டார்.

அதற்கான விடையை இந்நாட்டின் வரலாற்று நூல்களிற் காணலாம். அகதியாக ஏற்கப்பட்டவர் மனைவியையும் பிள்ளைகளையும் அழைப்பதற்கு டேனியச் சட்டம் உரிமை அளித்திருந்தது. ஆனால் 1987 ஆம் ஆண்டில், தமிழ் அகதிகளுடைய குடும்பங்களின் விண்ணப்பங்களைக் கிடப்பில் போடுமாறு அன்றைய நீதியமைச்சர் தம் உத்தியோகத்தருக்குப் பணித்தார். சட்டத்தை மாற்றாமலே சட்டத்தை நிறுத்திவைத்த செயல் அது. 1989 தொடக்கத்திலேதான் கோப்புகள் மீண்டும் அசைந்தன. விசாரணை நடத்திய உயர்நீதிமன்ற நீதிபதியின் அறிக்கை 1993 ஜனவரியில் வெளியாயிற்று; அதன் விளைவாகப் பிரதமர் பதவி விலகினார்; அரசு வீழ்ந்தது. அமைச்சர்களை விசாரிக்கும் தனி நீதிமன்றம் 1995 இல் அந்த முன்னாள் அமைச்சரைக் குற்றவாளி எனத் தீர்த்து, நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. ‘தமிழர் வழக்கு’ என்றே டேனியர் அதனை அழைக்கின்றனர். தம் அரசு அந்நியருக்கு இழைத்த அநீதியைத் தாமே விசாரித்து, அரசையும் இறக்கிய மக்களை மதியாமல் இருக்க முடியாது. எனினும் அந்தத் தீர்ப்பு, கொள்ளி வைக்க வரமுடியாத மகனுக்கு அந்த நாளைத் திருப்பிக் கொடுக்குமோ?

“எழுதியிருக்கலாமே, அண்ணை?”

“எனக்கே தொண்ணூற்றிமூண்டிலைதான் தெரியும். அப்ப எழுதினன். கடிதம் சேரேல்லைப் போலை.”

1993 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லை. பத்திரிகைக்குக் கடதாசியும் அரிது. கடிதம் கடலைச் சுற்றி எப்பொழுது வரும் என்று சொல்வதற்கில்லை. நண்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “சைக்கிளைச் சுத்தி ஒவ்வொரு நாளும் செய்தி கேட்டனாங்கள். டென்மார்க்கிலை அரசு விழுந்தது எண்டும் சொல்லியிருப்பாங்கள். அது எங்கடை வீட்டுக் கதையெண்டு எனக்குத் தெரியேல்லை” என்றார்.

நான் எழுந்து அப்பாலே நடந்தேன். ஆசிரியர்க்கு அதிகமாகப் பேசும் பழக்கமுண்டு. பேசாமல் விலகுவதும் சில வேளைகளில் கடமையாகும்.

திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. “மாஸ்ரர், வாங்கோ, மயில் பாக்கப் போவம்!” என்று நண்பரே என்னை அழைத்தார். 1874 ஆம் ஆண்டில் கட்டிய ஊமைக்கூத்து அரங்கு அது. கட்டடம் சீனப் பாணியில் அமைந்தது. திரைச்சீலைக்குப் பதிலாக அரங்கை மூடி நிற்பது தோகை விரித்த ஒரு பெரிய மயில். கூத்துத் தொடங்கும் வேளையில் தோகை இருமருங்கும் மெல்ல மடங்கிக் கீழிறங்குகின்றது. கூடி நின்ற குழந்தைகள் ஆரவாரித்தனர். சகோதரர் இருவரும் ஏககாலத்தில் “முருகா!” என்றனர். நல்லூரை விட்டு வந்தோம் என்ற என் குறையும் அக்கணமே தீர்ந்தது. வெள்ளை முகம் பூசிய கோமாளி வார்த்தை பேசாமலே ஆடிய கூத்தைப் பார்த்து, மொழி தெரியாத நாங்களும் மற்றவரோடு சிரித்தோம்.

இருள் வந்தது. மரங்களிலும் கூரைகளிலும் ஏரிக்கரையிலும் விளக்குகள் ஏறின. நீருக்குள்ளும் ஒரு பூங்கா பிறந்தது. 1944 ஆம் ஆண்டில், நாசியருக்குத் துணைநின்றோர் இப்பூங்காவின் இசைமண்டபத்தையும் வேறு பல கட்டடங்களையும் வெடிவைத்துத் தகர்த்தனர். சில வாரங்களுள்ளேயே மக்கள் பூங்காவை மறுபடியும் திறந்துவிட்டார்களாம். சிரிப்பதற்கென ஓர் இடம் இருக்கவேண்டும் என்பதில் அவர்கள் அவ்வளவு பிடிவாதமாக இருந்திருக்கிறார்கள்.

வறுத்த பாதாம்பருப்பின் மணம் எங்கும் கமழ்ந்தது. “கச்சான் கடை மாதிரி இருக்கு” என்று மூத்தவர் கூறி, கடதாசிச் சுருளில் ஒரு கை வாங்கித் தம்பியிடம் கொடுத்தார். நல்லூர்த் திருவிழாவிலே பத்து வயது இளைய தம்பியைத் தோளில் ஏற்றித் திரிந்தவர் அவர் என்பது அப்பொழுது எனக்கு விளங்கிற்று. ஐம்பத்தாறு வயதுத் தம்பி, “செலவு கூடுது, அண்ணை” என்று சொல்லிக்கொண்டே அதைத் தின்றார்.

ரயில் நிலையத்தில் வண்டி புறப்படும் வரையில் இருவரும் குடைகளை மாற்றி எடுத்துவிட்டதை ஒருவரும் கவனிக்கவில்லை. அறைக்கு வந்த பின்னரே நண்பர் கண்டுபிடித்தார். “பரவாயில்லை, வரேக்கை கொண்டுவருவார்” என்றார். பதினெட்டு ஆண்டுகளில், தம் பொருளொன்று பிறர் கையில் இருப்பதைப் ‘பரவாயில்லை’ என்று அவர் சொன்னதை நான் கேட்டது அதுவே முதல்முறை.

வாசகர் கேட்கக்கூடும்: அந்நகரின் பிரசித்திபெற்ற கடற்கன்னியைப் பார்த்தீர்களா? இல்லை. 1913 ஆம் ஆண்டு முதல் கடலோரப் பாறையில் இருக்கும் அந்த வெண்கலச் சிலையைப் பார்ப்பதற்கு எங்களுக்கு நேரம் வாய்க்கவில்லை. என் மாணாக்கர் அதனைப் பெருங்குறையாகச் சொல்கின்றனர். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

2025 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் நண்பரின் தந்தையாருடைய திவசம் வந்தது. வழமைபோல என்னையும் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். முற்றத்திற் கால் வைத்தபோது திண்ணையோரத்தில் இரண்டு குடைகள் சாத்தியிருந்தன. உள்ளே ஐயர் தருப்பையை எடுத்து, “ஆர் இருக்கிறது?” என்று கேட்டார். முப்பத்தேழு ஆண்டுகளாக அந்தப் பலகையில் இருந்து வந்த நண்பர் சற்றே விலகிச் சால்வையைச் சரிசெய்துகொண்டு, “மூத்த மகன் வந்திருக்கிறார், ஐயா” என்றார்.